கார்டிசாலும் கார்டமமும்

1. படை மாத்திரை இவ்வளவா?

கீட்டோகோனசோல் மாத்திரை, தினம் மூன்று வேளை, ஒரு மாதத்துக்கு. சீட்டில் இப்படி எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் கடையில் இருபத்தாறு வருஷமாக பார்மசிஸ்ட்டாக நிற்கிறேன். அந்த மாத்திரையை எங்கள் பக்கம் படர்தாமரைக்குக் கொடுப்பார்கள். ஊரில் அதற்குப் பெயரே படை மாத்திரை. ஈரலுக்கு ஆகாது என்று இப்போது அதற்குக்கூட எழுதுவதைக் குறைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மாத்திரையை இப்படி அள்ளி எழுதியிருக்கிறாரே, இவர் டாக்டரா மொத்த வியாபாரியா என்று நினைத்தேன்.

டி.பார்ம் முடித்துவிட்டு இனிமேல் கவுன்டருக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் முதலில் கோபப்படுங்கள், தப்பில்லை. அடுத்த நிமிஷம் போனை எடுத்துவிட வேண்டும்.

சீட்டைக் கொண்டுவந்தவள் பேச்சியம்மா. சிலமலைக்காரி. போடியில் ஒரு கிட்டங்கியில், அதாவது ஏலக்காய் குடோனில், காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலை. மலையில் காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் மற்றப் பெண்களோடு ஜீப்பில் ஏறி எஸ்டேட்டுக்குப் போய்விடுவாள். அவள் வீட்டுக்காரர் முருகேசன் ஜீப் டிரைவர். ஏலக்காய் மூட்டைகளை மலையிலிருந்து இறக்குவது அவர் வேலை. இரண்டு பேரும் எனக்குப் பல வருஷப் பழக்கம்.

ஒரு வருஷத்துக்குள் பேச்சியின் முகம் பணியாரம் போல உப்பிவிட்டது. வயிறு பெருத்தது, கையும் காலும் மெலிந்தன. எங்கே இடித்தாலும் ஊதாவாகக் கன்றிப்போனது. கூட வேலை பார்க்கிற பெண்கள், "மாப்ளை நல்லாக் கவனிக்கிறாரு போல" என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஒருநாள் ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கியபோது தொடை தூக்கவில்லை. உள்ளேயிருந்து இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க, கீழேயிருந்து ஒருத்தி தள்ளித்தான் ஏற்றினார்கள். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லையாம். அதற்கப்புறம்தான் மதுரைக்குப் போனார்கள். ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து இந்தச் சீட்டோடு வந்து நின்றாள்.

நான் போனை எடுத்ததும் முதலாளி கல்லாவிலிருந்து சத்தம் போட்டார். "சீட்டுல எழுதிருக்குல்ல, குடுத்து அனுப்பு. இதுக்குப் போயி மதுரைக்குப் போனு போடணுமாக்கும்?"

"மாத்திரை குடுக்குறது நானுண்ணே. நீங்க கல்லாவப் பாருங்க" என்றேன். அவர் மறுபடி நோட்டை எண்ணப் போய்விட்டார். நல்ல மனுஷர், சொன்னால் கேட்பார்.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். "படைக்கு இல்லம்மா. அவங்களுக்குக் கார்டிசால் ரொம்பக் கூடியிருக்கு. சிறுநீரகத்துக்கு மேல இருக்குற சுரப்பியில ஒரு கட்டி. ஆப்ரேஷன் பண்ணி எடுத்துட்டா சரியாயிடும். ஆனா இவ்வளவு கார்டிசாலை வச்சிக்கிட்டு மயக்கம் குடுக்க முடியாது. பிரஷரும் சுகரும் ஏறிக் கிடக்கு. இந்த மாத்திரை கார்டிசாலைக் குறைக்கும். குறைஞ்சாத்தான் தேதி குடுப்பேன். ஈரல் டெஸ்ட்டு, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துட்டுத்தான் எழுதியிருக்கேன். தொடர்ந்து பார்ப்போம்." கடைசியில், "கேட்டது நல்லது" என்று ஒரு வார்த்தையும் சொன்னார். எனக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. படை மாத்திரைக்கு இப்படி ஒரு வேலையும் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

பேச்சியைக் கவுன்டர் ஓரமாக நிறுத்தி எல்லாம் சொன்னேன். சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். கேஸ் மாத்திரை கூடவே கூடாது, வயிற்றில் புளிப்பு இருந்தால்தான் இந்த மாத்திரை கரைந்து உடம்பில் சேரும். அரிஷ்டம், கஷாயம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. வேறு எந்த மாத்திரை வாங்கினாலும் இதைச் சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே டாக்டர். வாந்தி, தலைச்சுற்று, எழுந்து நிற்க முடியாத அசதி வந்தால் அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் அந்த நிமிஷமே டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும். இதெல்லாம் டாக்டரும் அவளுக்குச் சொல்லியிருந்தவைதான்.

"கேஸ் மாத்திரை இல்லாம எங்க வீட்டுல விடியவே விடியாதேக்கா" என்றாள்.

"இனிமே விடியும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா."

டாக்டரும் 'புரிஞ்சுதா' என்று கேட்டிருக்கிறார், நர்சும் கேட்டிருக்கிறார், நானும் கேட்டேன். மூன்று பேருக்கும் ஒரே பதில்தான்.

2. வாசம் போகிற சோப்பு

ஒரு மாதம் கழித்து முருகேசன் கடைக்கு வந்தார். முகம் வாடிப்போயிருந்தது. வந்ததும் மாத்திரையைக் கேட்கவில்லை.

"அக்கா, ஏலக்காய் வாசம் போற மாதிரி சோப்பு எதும் இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊர் ஒலகமே அந்த வாசத்துக்காகத்தான் போடிக்கு வருது. ஒனக்கு என்னத்துக்குப் போகணும்?"

"வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறாக்கா. மூட்டை ஏத்தி எறக்கிட்டு வந்தா வாசல்லயே நிப்பாட்டி, தலையோட ஊத்திட்டு வான்னு வெரட்டுறா. சட்டைய வேற தனியாத் தொவைக்கிறா. டீயில ஏலக்காய் போட்டு மாசம் ஒண்ணாச்சு. அன்னைக்கிக் கோயில்ல குடுத்த பொங்கல்ல ஒரு காய் கெடந்துச்சுன்னு இலையோட தூக்கி வச்சிட்டா. சாமி குத்தம் ஆயிரும்னு நான் ஒருத்தனே ரெண்டு பங்கையும் தின்னேன்."

என்னமோ ஒரு ஒவ்வாமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து புதுச் சீட்டை எடுத்து நீட்டினார். அதே மாத்திரை, அளவு மட்டும் இரண்டு மடங்கு.

"கார்டிசாலு கொறையவே இல்லையாம்க்கா. டாக்டரு கூட்டி எழுதிட்டாரு. ஆப்ரேசன் தேதியும் இப்பக் கெடையாதுன்னுட்டாரு" என்றார். "அட்டை கொறைச்சே குடுங்க. பழசு வீட்டுல நெறையக் கெடக்கு."

நான் மாத்திரையை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு எண்ணிக் கொடுத்த மாத்திரை ஒரு மாதம் முடிந்த பிறகு எப்படி மிஞ்சும்?

"பேச்சி எங்க?"

"ஜீப்புலதான் உக்காந்திருக்கா. எறங்கி ஏற முடியலைல்ல."

கவுன்டரை விட்டு இறங்கிப் போனேன். ஜீப்பின் முன் சீட்டில் பேச்சி மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போடிக் கடைத்தெருவில் ஏலக்காய் வாசம் இல்லாத காற்றுக்கு எங்கே போவாள்?

"பேச்சி, மாத்திரை மிஞ்சிருக்காமே?"

துண்டை லேசாக இறக்கினாள். "ஆமாக்கா. வாரத்துல மூணு நாலு நாளுதான் இப்பச் சோலி, வயித்துப்பாட்டுக்குப் போயித்தான ஆகணும். போற அன்னைக்கு மூணு வேளையும் தவறாமப் போட்டுர்றேன். சோலி இல்லாத அன்னைக்குப் போடுறதில்ல."

"ஏன்?"

"காய்ப் பக்கமே போகாத அன்னைக்கு மாத்திரை என்னத்துக்குக்கா? வீணாத்தான போகும்?"

"எந்தக் காய்?"

"தெரியாத மாதிரி கேக்குறீகளே. எனக்கு ரத்தத்துல கார்டமம் கூடிப்போச்சுல்ல? நீங்கதான டாக்டருகிட்டப் பேசுனீக!"

நான் அப்படியே ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால் எதிரே இருக்கிற மூன்று ஏலக்காய்க் கடைகளின் போர்டிலும் இங்கிலீஷ் பெயரில் கார்டமம் என்றுதான் எழுதியிருக்கிறது. அவள் வேலை பார்க்கிற கிட்டங்கியின் போர்டிலும் அதே சொல். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைப் பார்த்து வளர்ந்தவள் காதில், மதுரை டாக்டர் கார்டிசால் என்று சொன்னால் வேறு எப்படி விழும்? இத்தனை வருஷம் காய்த் தூசியை மூக்கால் இழுத்ததில் ஏலக்காய் ரத்தத்தில் ஏறிவிட்டது, அதை இறக்கத்தான் மாத்திரை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவள் கணக்கில் அது ரொம்பச் சரியான வைத்தியம். தஞ்சாவூர்க்காரிக்கோ சென்னைக்காரிக்கோ இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

எனக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேச்சி ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள். பின்னாலேயே வந்த முருகேசனுக்கு மட்டும் கோபம் வந்தது.

"லீவு நாளைக்கிப் போடலையா? ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீயி? இனிமே நானே கையில வச்சு வேளைக்கு ரெண்டு ரெண்டா முழுங்க வைக்கிறேன் பாரு!"

என் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. அவர் சொன்னதுதான் ஆபத்து. பேச்சி எல்லா நாளும் மாத்திரை போட்டும் குறையவில்லை என்று நம்பித்தான் டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார். பாதி நாள் போடவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. இப்போது இந்த இரண்டு மடங்கையும் தினமும் ஒழுங்காகப் போட்டால் கார்டிசால் ஒரேயடியாக இறங்கிவிடலாம். கூடினால் எவ்வளவு கெடுதலோ, தேவைக்குக் கீழே போனால் அதைவிடச் சீக்கிரம் ஆளைச் சாய்த்துவிடும். பிரஷர் விழும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. நல்ல எண்ணத்தில் ஒரு மனுஷர் தன் பெண்டாட்டியைப் படுக்கையில் தள்ளியிருப்பார்.

ஜீப்பின் பானெட்டில் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டு டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன... மம்?"

"கார்டமம் சார். ஏலக்காய்."

அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து டீக்கடை வரைக்கும் கேட்டது. அப்புறம் குரலைச் சரிசெய்துகொண்டு பேசினார். "நல்லவேளை சொன்னீங்க. புது டோஸ் குடுக்க வேண்டாம். பழைய டோஸே, ஆனா தினமும். ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பார்த்துட்டு நானே மாத்துறேன், நான் சொல்லாம யாரும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். அவங்ககிட்ட போனைக் குடுங்க." பிறகு பேச்சியிடம் சொன்னார்: "அம்மா, ஏலக்காய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கார்டிசால்ங்கிறது உங்க உடம்பே சுரக்குற ஒரு நீர். எல்லாருக்கும் வேணும். உங்களுக்கு அந்தக் கட்டி அளவில்லாம சுரந்துக்கிட்டே இருக்கு. நீங்க தூங்கும்போதுகூட."

பேச்சி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஞாயித்துக்கெழமையும் அது சோலி பாக்குமா சார்?"

"பாக்கும்மா."

"தீபாவளிக்கும்?"

"லீவே கிடையாது."

"அடிப்பாவி மவளே!" என்று பேச்சி தன் விலாவைப் பார்த்துத் திட்டினாள். "நான் லீவு போட்ட அன்னைக்கெல்லாம் நீ ஓவர்டைம் பாத்திருக்கியா!"

டாக்டர் மறுபடி சிரித்தார். முருகேசனுக்கும் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சி மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டாள். மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

"அப்பக் காய் மேல ஒரு தப்பும் இல்லையாக்கா?"

"ஒரு தப்பும் இல்ல."

அவள் ஜீப்பிலிருந்தே டீக்கடைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அண்ணே! இங்கிட்டு மூணு ஏலக்காய் டீ கொண்டாங்க. எனக்குச் சீனி போடாம, காய் மட்டும் தூக்கலா!"

நான் இந்த வேலையில் எத்தனையோ டீ குடித்திருக்கிறேன். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

3. வளைவில் வந்த வாந்தி

ஒழுங்காக மாத்திரை போட ஆரம்பித்ததும் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் அளவு இறங்கியது. பிரஷரும் இறங்கியது. அந்தச் சமயத்தில் மலைக்கு மேலே எஸ்டேட்டில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கப் பேச்சி ஜீப்பில் கிளம்பினாள். ஓட்டியது முருகேசன். பாதி மலையில் வாந்தி வந்தது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் மலைப்பாதையில் வாந்தி எடுப்பது ஒரு விஷயமே இல்லை. கொண்டை ஊசி வளைவு வளைவாகப் போனால் யாருக்கும் குடலைப் பிரட்டும். ஜீப்பில் கூட வந்த எஸ்டேட்டு மலையாளப் பெண், "சாரமில்ல சேச்சி, பரவாயில்ல, வளைவுல எல்லாருக்கும் வர்றதுதான். எலுமிச்சம்பழத்த மோந்து பாரு" என்று பழத்தை நீட்டியிருக்கிறாள். முருகேசனும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

"வண்டியத் திருப்பு" என்றிருக்கிறாள் பேச்சி. "ஜீப்பு டிரைவர் பொண்டாட்டி நான். இருவது வருசமா இந்த வளைவுல வர்றேன். ஒருநாளு எனக்கு வாந்தி வந்திருக்கா? இது வளைவு வாந்தி இல்ல, மாத்திரை வாந்தி. வெரசாத் திருப்பு."

சிக்னல் கிடைத்த இடத்தில் முதலில் டாக்டருக்குப் பேசியிருக்கிறாள். அப்புறம்தான் எனக்கு. "அக்கா, மத்தியான மாத்திரையத் தொடல. டாக்டரு பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாரு, போய்க்கிட்டே இருக்கேன். ஒங்களுக்குச் சும்மா சொன்னேன், பதறாதீக." பதறாதே என்று சொன்னவளின் குரலில் நடுக்கமே இல்லை.

பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் போனில் சொன்னபடி ஆஸ்பத்திரியில் டிரிப்பும் ஊசியும் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாளாம். கார்டிசால் தேவைக்கும் கீழே போய்விட்டதால் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே மலையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. கொஞ்ச நாளில் அளவு நிலைக்கு வந்தது. ஆப்ரேஷன் தேதியும் வந்தது.

முருகேசன் கடையில் வந்து எல்லோரிடமும் பெருமையடித்தார். "ஏம் பொண்டாட்டி பாதி டாக்டருண்ணே!" முதலாளி அன்றைக்கு எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

4. வீட்டில் போய் என்ன சொல்லுவே?

ஜீப் பக்கத்தில் டீ குடித்த அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். கவுன்டரில் யாரிடமும் 'புரிஞ்சுதா' என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் மனம் கோணக் கூடாது, பின்னால் நிற்கிறவர் அவசரப்படக் கூடாது, தான் முட்டாளாகத் தெரியக் கூடாது என்கிற எண்ணம்தான். இப்போது நான் கேட்பது வேறு: "வீட்டுல போயி இத என்னன்னு சொல்லுவே? சொல்லு பாப்போம்."

கேட்டுப் பாருங்கள், சங்கதி சங்கதியாக வரும். ராசிங்காபுரத்துப் பெரியவர் ஒருவர் சுகர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாடி என்று சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார். "தட்டுக்கு முன்னாடி மாத்திரைய வச்சுட்டுத்தாம்மா சாப்புடுறேன். சாப்புட்டு முடிச்சதும் முழுங்கிருவேன்" என்றார். தமிழ்ப்படி பார்த்தால் அவர் சொன்னதில் பிழை இல்லை. 'சாப்புடுறதுக்கு அரை மணி நேரம் முந்தி' என்று அன்றிலிருந்து நான் தமிழை மாற்றிக்கொண்டேன்.

ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்து பேச்சி திரும்பி வந்தாள். கையில் புதுச் சீட்டு. இந்தமுறை ஹைட்ரோகார்டிசோன்.

"எறக்குறதுக்கு ஒரு மாத்திரை குடுத்தீக. இப்ப ஏத்துறதுக்கு ஒண்ணா? எங்க கிட்டங்கியிலகூட இப்படி மூட்டைய எறக்கி ஏத்த மாட்டாக!" என்றாள்.

விளக்கிச் சொன்னேன். அந்தக் கட்டி இத்தனை நாள் எல்லா வேலையையும் தானே பார்த்ததால் மறுபக்கத்துச் சுரப்பி சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. அது கண் விழித்து வேலைக்கு வருகிற வரைக்கும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, "வீட்டுல போயி என்ன சொல்லுவே?" என்றேன்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தாள். "நல்லாயிட்டேன்னு நெனச்சு நானா நிப்பாட்டக் கூடாது. டாக்டரு கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைப்பாரு. காச்சலு வந்தாலோ, வாந்தி எடுத்து மாத்திரை தங்காமப் போனாலோ ஒடனே அவரக் கேக்கணும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த மாத்திரை திங்கிறேன்னு மொதல்ல சொல்லணும். இது கார்டமம் இல்ல, கார்டிசாலு. சரியாக்கா?"

"நூத்துக்கு நூறு" என்றேன்.

சில மாதங்கள் போயின. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் குறைத்திருந்தார், மலைவேலைக்குப் போகவும் சம்மதித்திருந்தார். காய் எடுப்பு தொடங்கிய காலையில் பேச்சி கடைக்கு வந்தாள். பணியார முகம் போய்ப் பழைய கன்ன எலும்பு தெரிந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டிருக்கும்போதே எஸ்டேட் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு கையை வெளியே நீட்டினார்கள். ஒருத்தி பின்னாலிருந்து தள்ளுவதற்காகக் கீழே இறங்கியே விட்டாள்.

பேச்சி நீட்டிய கைகளை ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். புடவையைத் தூக்கிச் சொருகினாள். வலது காலைப் படியில் வைத்தாள். நான் கவுன்டருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முதலாளியும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். ஒரே எம்பில் மேலே போய் உட்கார்ந்தாள். ஜீப்புக்குள் ஒரே கூச்சல், கைதட்டல். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுவதற்கு இந்தத் தொழிலில் அதிகம் வாய்ப்புக் கிடைக்காது, அதனால் நன்றாகவே அழுதேன்.

ஜீப் கிளம்பும்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, "ஒனக்கு என்ன சீக்குன்னு சொன்னாக ஆத்தா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

பேச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "கார்டமம்!"

"ஏய் பேச்சி!" என்று நான் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். "மத்தியான மாத்திரை எடுத்துக்கிட்டியா?"

அவள் இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையைத் தட்டிக் காட்டினாள்.

"கட்டிக்குத்தான்க்கா லீவு விட்டாச்சு. மாத்திரைக்கு ஏது லீவு?"